கொலம்பியா சிதறிய அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எழுதி வைக்க ஒரு வழி

கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி கல்பனா சாவ்லா இறந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், அப்போது பள்ளியில் படித்த யாரிடமும் ஒரு கதை இருக்கும். அதை நோட்டில் எழுதி வைக்க ஆசையா? முதலில் போனைத் தள்ளி வையுங்கள். எதையும் தேடாமல், யார் யார் வீட்டில் இருந்தார்கள், கையில் என்ன வேலை இருந்தது, யார் முதலில் சொன்னது என்று ஞாபகத்தில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். தேடிவிட்டால் அந்தப் படமெல்லாம் உங்கள் ஞாபகத்தோடு கலந்துவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

நான் எழுதியது: "காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டும்போது டிவியில் பார்த்தேன்."

அடுத்து நேரத்தைச் சரிபாருங்கள். 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. டெக்சாஸுக்கு மேலே தொடர்பு அறுந்தபோது நமக்கு இரவு ஏழரை மணி. 7.46-க்கு புளோரிடாவில் இறங்கியிருக்க வேண்டும். ஆக என் ஷூ, லேஸ் எல்லாம் காலி. மறுநாள் ஞாயிறு, பள்ளிக்கூடமே கிடையாது. அம்மாவிடம் கேட்டேன். "நீ கிரைண்டர் பக்கத்துல உக்காந்து மாவு தள்ளிவிட்டுட்டு இருந்த. டிவி கேக்கலைன்னு நான்தான் நிறுத்தினேன்" என்றார். கிரைண்டர் நின்றதும் வீடு சட்டென்று அமைதியானது உடனே ஞாபகம் வந்தது. ஆனால் நிஜமாகவே வந்ததா, அவர் சொன்னதால் வந்ததா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன்.

இதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டாம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் என்ற இன்னொரு விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது நொடியில் சிதறியது. மறுநாள் காலையே உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர், செய்தியை எங்கே எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சில வருடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் நிறைய பேர் வேறு கதை எழுதினார்கள், அதுவும் அடித்துச் சொல்லும் உறுதியோடு.

அதனால் தப்பாக எழுதியதை அடிக்காதீர்கள். கீழே தேதி போட்டு, ஏன் தப்பு என்று சேர்த்து எழுதினால் போதும்.

கொலம்பியா "வெடித்தது" என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். 2003 ஜனவரி 16, நம்மூரில் பொங்கல் லீவு. அன்று கிளம்பிய 82-வது நொடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து உரிந்த நுரைத்துண்டு ஒன்று, ஏறக்குறைய முக்கால் கிலோதான், இடது இறக்கையில் மோதிச் சேதப்படுத்தியது. 16 நாளும் அந்தச் சேதத்தோடுதான் சுற்றினார்கள். திரும்பும்போது அது வழியாகக் கொதிக்கும் வாயு உள்ளே புகுந்து கலம் உடைந்தது.

முக்கியமாக, வராத அழுகையை எழுதாதீர்கள். எனக்கு வரவில்லை. கல்பனா பிறந்த கர்னால் எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடினேன், மறுநாள் இட்லி சாப்பிட்டேன், அவ்வளவுதான். அவரோடு கலத்தில் இருந்த மற்ற ஆறு பேரின் பெயர்கூடத் தெரியாது. இப்போதுதான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், லாரல் கிளார்க், இலான் ரமோன்.

வீட்டில் இன்னொருவரிடமும் கேட்டுவிடுங்கள், ஆனால் தனியாக. அப்பாவிடம் கேட்டேன். அந்த மாதம் கிரைண்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது என்கிறார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.