மருத்துவமனை வைஃபை: எதை எங்கே பிரிப்பது

விருந்தினர் வைஃபைக்கு வேறு பெயர் வைத்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அதற்குத் தனி விலேன் (நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) ஒதுக்கி, அங்கிருந்து உள் நெட்வொர்க்குக்குப் போகும் எல்லாவற்றையும் ஃபயர்வாலில் தடுங்கள்.

ஊழியர்களுக்குப் பொதுக் கடவுச்சொல் வேண்டவே வேண்டாம். ஒருவர் வேலையை விட்டுப் போனால், அதை எல்லாக் கருவிகளிலும் மாற்றியாக வேண்டும், பெரும்பாலும் மாற்றுவதில்லை. 802.1எக்ஸ் (தனித்தனியே சரிபார்த்த பிறகே இணைய விடும் முறை), ரேடியஸ் சர்வர் (அந்தச் சரிபார்ப்பைச் செய்வது), கருவிக்கொரு சான்றிதழ் (டிஜிட்டல் அடையாள அட்டை போன்றது) என்று அமையுங்கள். சர்வரின் சான்றிதழைக் கருவி சரிபார்க்கும்படி கட்டாயமாக்குங்கள். சான்றிதழுக்குப் பதில் பயனர்பெயர், கடவுச்சொல் வைத்திருக்கும் இடத்தில் இந்தச் சரிபார்ப்பை விட்டால், அதே பெயரில் போலி ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) வைப்பவர் உள்நுழைவு விவரங்களைக் கவர்ந்துவிடலாம். சர்வர் சான்றிதழ் காலாவதியாகும் நாளையும் குறித்து வையுங்கள். தவறினால் எல்லோருக்கும் ஒரேயடியாக இணைப்பு அறும்.

டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையை ஏற்காத பழைய மருத்துவக் கருவிகளுக்குத் தனி விலேன். தத்தம் சர்வரைத் தவிர வேறெதையும் அவை தொடக்கூடாது.