நம்ம ஊர்ப் பள்ளிகளின் கோரிக்கையைச் சட்டமன்றம் வரை கொண்டுபோவது எப்படி?

நவம்பரிலேயே கூடிவிடுங்கள். பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வந்துவிடும். அதற்குப் பிறகு கொடுக்கிற மனு அடுத்த வருஷத்துக்குத்தான்.

ஒரே தொகுதிக்குள் ஏழெட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் சேர்ந்தால் போதும். பள்ளிக்கு இருவர், அதில் ஒருவர் கட்டாயம் தாய். சத்தியமங்கலம் பக்கம் மல்லி பறிப்பு விடியலில் நடக்கும். கூட்டத்தை மத்தியானம் வையுங்கள், இல்லையென்றால் பெண்கள் வரவே முடியாது.

முதலில் பிரியுங்கள். கழிப்பறைக் கதவு, குடிநீர்க் குழாய் எல்லாம் உள்ளூரிலேயே முடிகிற வேலை. ஆசிரியர் பணியிடம், பள்ளியைத் தரம் உயர்த்துவது போன்றவற்றுக்குத்தான் அரசாணையும் நிதி ஒதுக்கீடும் வேண்டும். இரண்டையும் கலந்து 20 கோரிக்கை எழுதினால், கதவை மட்டும் மாட்டிவிட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். மூன்றே மூன்று போதும்.

இழுபறி வரத்தான் செய்யும். மலைமேல் தாளவாடிக்காரர்கள் பேருந்து கேட்பார்கள், கீழே இருப்பவர்கள் வகுப்பறை கேட்பார்கள். பள்ளிக்கு மூன்று ஓட்டு கொடுங்கள். பாதிப் பள்ளிகளாவது ஆதரிப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. “புள்ளைங்க 64 பேருங்க, டீச்சர் ரெண்டே பேருங்க” என்ற ஒரு வரிக்கு நாலு பக்க மனுவைவிட வலு அதிகம். கூடவே வருகைப் பதிவேட்டு நகலை இணையுங்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக்கி, எம்.எல்.ஏ.விடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.