ஸ்டோர்ல இருந்து எந்த டிபார்ட்மென்ட் எவ்ளோ எடுக்குது? கார்டு தட்டி கணக்கு வைக்கிறது எப்படின்னு பாக்கலாம்

ஏற்காட்ல ரிசார்ட்டா இருக்கட்டும், சேலத்துல காலேஜ் ஹாஸ்டலா இருக்கட்டும், ஸ்டோர் ரூம் கதை எல்லா இடத்துலயும் ஒண்ணுதாங்க. சேலம் லீ பஜார் மொத்த மார்க்கெட்ல இருந்து வண்டி வந்து சாமான் இறங்கும், பில்லு மொத்தமா அக்கவுன்ட்ஸுக்கு போயிடும், அதுக்கப்புறம் அந்த சர்க்கரை கிச்சனுக்கு எவ்ளோ போச்சு, ஸ்டாஃப் மெஸ்ஸுக்கு எவ்ளோ போச்சு, ஃபினாயில் யாரு எடுத்தாங்கன்னு கேட்டா இண்டென்ட் புக்கை (சாமான் கேட்டு எழுதுற நோட்டு) தேடணும், அதுல பாதி கையெழுத்து புரியாது. மாசக் கடைசில ஓனர் கேக்கும்போது கிச்சன்காரர் ஹவுஸ்கீப்பிங்கை கை காட்டுவாரு, அவங்க கிச்சனை காட்டுவாங்க. இதுக்கு பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் வேணாம், பில்லிங் சாஃப்ட்வேர் ஒண்ணும் கொஞ்சம் கார்டும் இருந்தா போதும். ஸ்டோரை ஒரு கடை மாதிரி நடத்தணும், டிபார்ட்மென்ட்தான் கஸ்டமர், கார்டுதான் பேமென்ட். ஒரு ரிசார்ட்டை உதாரணமா வச்சு சொல்றேன், நீங்க உங்க இடத்துக்கு மாத்திக்கோங்க.

ஆரம்பிக்கும்போதே ஒண்ணு சொல்லிடுறேன். பேங்க் குடுத்த ஸ்வைப் மெஷின்ல கம்பெனி கார்டையே தேய்ச்சு இந்த கணக்கை எடுக்கலாமேன்னு சில பேரு யோசிப்பாங்க. பண்ணவே பண்ணாதீங்க. கிரெடிட் கார்டுன்னா ஒவ்வொரு தடவையும் பேங்க் எம்டிஆர்னு ஒரு கமிஷன் பிடிக்கும், ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்கு மேல போனா அந்த சார்ஜ் மேல 18% ஜிஎஸ்டி வேற, நம்ம காசை நம்மளே ஒரு சுத்து சுத்தி குறைச்சுக்கிற மாதிரி. சொந்த மெஷின்ல சொந்த கார்டை தேய்க்கிறதை பேங்க்கும் ஒத்துக்காது, மெஷினையே முடக்கி வைக்கலாம். நாம சொல்ற கார்டுல காசே கிடையாது, அது பில்லுல பேர் போடுறதுக்கு மட்டும்தான்.

ஸ்டெப் 1: டிபார்ட்மென்ட் பிரிக்கிறது

கிச்சன், ரெஸ்டாரன்ட் சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், கார்டன், மெயின்டெனன்ஸ், ஸ்டாஃப் மெஸ். இவ்ளோ போதும். டீ கவுன்ட்டர் தனி, பேக்கரி தனின்னு ஆரம்பத்துலயே பிரிச்சா தட்டுறவங்களுக்கு எந்த கார்டுன்னு குழப்பம் வந்துடும். ஆனா ஸ்டாஃப் மெஸ்ஸை மட்டும் கண்டிப்பா கிச்சன்ல இருந்து தனியா பிரிங்க, ரெண்டும் ஒண்ணா கெடந்தா கெஸ்ட் சாப்பாட்டுக்கு என்ன செலவாச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

ஸ்டெப் 2: கார்டும் ரீடரும்

125 கிலோஹெர்ட்ஸ் ஆர்எஃப்ஐடி கார்டு வாங்குங்க, அட்டென்டன்ஸ் மெஷினுக்கு தட்டுற வெள்ளை கார்டு இருக்குல்ல, பெரும்பாலும் அதேதான். கூடவே அந்த வகைக்கு யுஎஸ்பி ரீடர் ஒண்ணு. 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டும் கடையில பாக்க இதே மாதிரிதான் இருக்கும், ரீடரும் கார்டும் ஒரே வகையா இல்லன்னா சத்தமே வராது, அதனால கடையிலயே தட்டி பாத்து வாங்குங்க.

இந்த ரீடர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். டெஸ்ட் பண்ண நோட்பேடை தொறந்து வச்சுட்டு கார்டை தட்டுங்க, பீப்னு சத்தம் வந்து 0008412345ங்கிற மாதிரி பத்து இலக்க நம்பர் தானா டைப் ஆகி கர்சர் அடுத்த வரிக்கு போகும். இதை எக்செல்ல தட்டுனா முன்னாடி இருக்குற சைபரை எல்லாம் அது முழுங்கிட்டு 8412345ன்னு காட்டும், அப்புறம் பில்லிங் சாஃப்ட்வேர்ல இருக்குற நம்பரோட சேராது. முதல்லயே அந்த நெடுவரிசையை (column) டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாத்திட்டு தட்டுங்க.

கார்டு மேல டிபார்ட்மென்ட் பேரை ஸ்டிக்கர்ல ஒட்டுங்க, டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு கார்டு, ஷிஃப்ட்டுக்கு ஒண்ணு, யாரு கையில எந்த நம்பர்னு ஒரு லிஸ்ட். முக்கியமானது என்னன்னா எந்த கார்டும் ஸ்டோர் கீப்பர் டேபிள் டிராயர்ல கெடக்கக்கூடாது. "அண்ணா, நீங்களே தட்டி விட்டுடுங்க, நான் அப்புறம் வர்றேன்"னு குடுத்துட்டு போற பழக்கம் வந்துச்சுன்னா சாமானை குடுக்குறவரும் வாங்குறவரும் ஒரே ஆளுன்னு ஆயிடும், அப்புறம் இந்த கணக்கை யாரும் நம்ப மாட்டாங்க.

ஸ்டெப் 3: பில்லிங் சாஃப்ட்வேர்ல செட்டிங்

ஒவ்வொரு கார்டையும் அந்த டிபார்ட்மென்ட் பேர்ல ஒரு கஸ்டமரா சேருங்க, கஸ்டமர் கோடு இருக்குற இடத்துல கார்டை தட்டுனா நம்பர் ஏறிடும். பேமென்ட் வகைல கேஷ், கார்டு, யுபிஐன்னு இருக்கும், அதுல புதுசா "துறை கார்டு"ன்னு ஒண்ணு உண்டாக்குங்க. ஏற்கனவே இருக்குற "கார்டு"லயே போட்டுடலாம்னு நெனைக்காதீங்க, ராத்திரி செட்டில்மென்ட் எடுக்கும்போது பேங்க் மெஷின் ஒரு தொகை காட்டும், சாஃப்ட்வேர் வேற தொகை காட்டும், கேஷியர் பாவம்.

முடிஞ்சா ஸ்டோருக்கு தனி பில் சீரிஸ் வைங்க, வரி பூஜ்யம். ஒரே ஜிஎஸ்டி நம்பருக்குள்ள ஸ்டோர்ல இருந்து கிச்சனுக்கு போறது விற்பனை கிடையாது, அதனால இந்த பில்லு எதுவும் ஜிஎஸ்டிஆர்-1ல (விற்பனையை காட்டுற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போகக்கூடாது. குடோன் சேலம் அஸ்தம்பட்டில, ரிசார்ட் மலை மேலன்னு இருந்தா ரெண்டு இடமும் ஒரே ரெஜிஸ்ட்ரேஷன்ல இருக்கணும், வண்டில ஏத்தும்போது டெலிவரி சலான் போடணும். ஆனா உங்களுக்கு பெங்களூர்ல ஒரு கிளை இருந்து அங்க சாமான் அனுப்புனா கதை வேற, வேற மாநில ஜிஎஸ்டி நம்பர்னா சட்டப்படி அது வேற ஆளுக்கு குடுத்த மாதிரிதான், டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டே ஆகணும். இதை உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 4: என்ன விலை போடுறது

நெறைய பேரு சறுக்குறது இங்கதான். எம்ஆர்பி போடக்கூடாது, லாபம் வைக்கக்கூடாது, வாங்குன விலைதான். ஆனா சர்க்கரை போன தடவை ஒரு விலை, இந்த தடவை ஒரு விலைன்னா எதை போடுறது? சராசரி. உதாரணத்துக்கு ஸ்டோர்ல 20 கிலோ மிச்சம் இருக்கு, கிலோ 42 ரூபாய்னு வாங்குனது, மொத்தம் 840. இப்ப 50 கிலோ மூட்டை ஒண்ணு 45 ரூபாய் ரேட்ல வந்துச்சு, அது 2,250. ரெண்டையும் சேர்த்தா 70 கிலோவுக்கு 3,090, அப்ப கிலோ 44 ரூபாய் 14 காசு. அடுத்த மூட்டை வர்ற வரைக்கும் இதுதான் ரேட்டு. 42ஐயும் 45ஐயும் கூட்டி ரெண்டால வகுத்து 43.50ன்னு போடாதீங்க, எடையையும் சேர்த்து பாக்கணும். வண்டி கூலி, இறக்கு கூலியையும் வாங்குன விலையில சேருங்க, மலை ஏத்துற வண்டி வாடகை சும்மா வர்றதில்ல.

ஸ்டெப் 5: தினசரி ஓட்டம்

ஆள் வர்றாரு, கேட்டதை எடை போட்டு என்ட்ரி பண்றீங்க, அவரே கார்டை தட்டுறாரு, பில்லு ரெண்டு காப்பி. தெர்மல் பேப்பர்ல அடிக்கிற பில்லு வெளிச்சமும் சூடும் பட்டா மங்கிடும், அதனால காப்பியை நம்பாம சாஃப்ட்வேர் பேக்கப்பை தினமும் எடுங்க. மலையில மழைக்காலத்துல நெட்டு எப்ப இருக்கும் எப்ப போகும்னு சொல்ல முடியாது, ஆஃப்லைன்ல ஓடுற சாஃப்ட்வேரா பாத்து வாங்குறது நல்லது.

மிச்சம் திரும்பி வந்தா ரிட்டர்ன் பில் போடுங்க, அதே கார்டை தட்டி. ஜெனரேட்டர் டீசல் மாதிரி எல்லாருக்கும் பொதுவானதுக்கு "பொது"ன்னு ஒரு கார்டு போதும், மாசக் கடைசில பிரிச்சுக்கலாம். ஆனா அந்த கார்டு மேனேஜர் கையில மட்டும் இருக்கட்டும், இல்லன்னா யாருக்கும் சேராத செலவெல்லாம் அங்கதான் போய் குவியும்.

ஸ்டெப் 6: வெளியில அவசரமா வாங்குறது

இங்க மட்டும் நெஜமான பேங்க் கார்டு வேணும். டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு ப்ரீபெய்டு கார்டு, மாச லிமிட்டோட. ஸ்டேட்மென்ட்ல தேதி, தொகை, கடை பேர் இதெல்லாம் வரும், என்ன சாமான்னு வராது. சில கடைங்களுக்கு போர்டுல ஒரு பேரும் ஸ்டேட்மென்ட்ல முதலாளி பேரும் இருக்கும், அதனால வாங்குன உடனே பில்லை ஃபோட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லுங்க. அதை வச்சு அன்னைக்கே ஸ்டோர்ல வரவு ஏத்தி, அதே டிபார்ட்மென்ட்டோட துறை கார்டை தட்டி பில் போட்டுடணும்.

சூரமங்கலம் உழவர் சந்தையில ஸ்வைப் மெஷினை தேடிட்டு நிக்காதீங்க, கேஷ் இல்லன்னா க்யூஆர் கோடுதான். 2022ல இருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐல இணைக்க முடியும், ஆனா வியாபாரி க்யூஆருக்கு மட்டும்தான் போகும், ஒருத்தரோட சொந்த நம்பருக்கு அனுப்ப முடியாது. அதனால கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் கொஞ்சம் பெட்டி கேஷ் (சில்லறை செலவுக்கான கைக்காசு) இருக்கத்தான் செய்யும்.

ஸ்டெப் 7: மாசக் கடைசி

கஸ்டமர் வாரியா சேல்ஸ் ரிப்போர்ட் எடுத்து ஒரு டிபார்ட்மென்ட்டோட ரெண்டு கார்டையும் கூட்டுனா அதுதான் டிபார்ட்மென்ட் வாரி செலவு. அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர் டேலில F11 அமுக்கி காஸ்ட் சென்டரை (செலவை பிரிச்சு காட்டுற தலைப்பு) ஆன் பண்ணி, ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டையும் காஸ்ட் சென்டரா போட்டு, மாசத்துக்கு ஒரு ஜர்னல் என்ட்ரி போதும். டிபார்ட்மென்ட் செலவு பற்று, ஸ்டோர் சரக்கு வரவு.

மொத்த தொகையை மட்டும் பாத்து யாரையும் திட்டாதீங்க. மே மாசம் கோடை விழா நேரத்துல ரூம் ஃபுல்லா ஓடும், ஹவுஸ்கீப்பிங் செலவு ஏறத்தான் செய்யும். செலவை ரூம்-நைட் எண்ணிக்கையால வகுங்க, ஒரு ரூம்ல ஒரு ராத்திரி ஆள் தங்குனா அது ஒரு ரூம்-நைட். ஒரு மாசம் 36,000 செலவு, 600 ரூம்-நைட்டுன்னா ரூமுக்கு 60. அடுத்த மாசம் செலவு 21,000க்கு எறங்கிடுச்சுன்னு சந்தோஷப்பட்டா, ரூம்-நைட் 280தான், அப்ப ரூமுக்கு 75 ஆகுது. கேள்வி கேக்க வேண்டியது இந்த ரெண்டாவது மாசத்தைத்தான். எந்த ஐட்டம் ஏறுச்சுன்னு பாக்க அந்த கார்டோட பில்லுங்களை மட்டும் ஐட்டம் வாரியா எடுங்க, சோப்பா, ஃபினாயிலா, டிஷ்யூவான்னு தெரிஞ்சுடும்.

அப்புறம் மறக்காம, ஸ்டோர்ல இருக்குறதை எண்ணுங்க. சாஃப்ட்வேர் சொல்ற இருப்புக்கும் மூட்டைல இருக்குறதுக்கும் வித்தியாசம் இருந்தா கார்டு தட்டாம சாமான் வெளிய போகுதுன்னு அர்த்தம், இல்லன்னா எடை தப்பு. ஆள் யாராச்சும் வேலையை விட்டு போனா, கணக்கு செட்டில் பண்றதுக்கு முன்னாடி கார்டை வாங்கி, அந்த நம்பரை சாஃப்ட்வேர்ல பிளாக் பண்ணிட்டு புதுசா வர்றவருக்கு வேற கார்டு குடுங்க.