வெளிநாட்டில் ஆள் எடுக்கிறீர்களா? சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள்

பேசி முடித்த மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, இதுதான் ஆண்டுச் செலவு என்று பட்ஜெட்டில் எழுதிவிடுவதுதான் முதல் தவறு. பல நாடுகளில் அந்தப் பன்னிரண்டே சரியில்லை. பிலிப்பைன்ஸில் சாதாரண ஊழியர்களுக்கு 13-ஆம் மாதச் சம்பளம் 1975 முதல் சட்டப்படி கட்டாயம். டிசம்பர் 24-க்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பிரேசிலிலும் 13-ஆவது சம்பளம் உண்டு. அது போக, ஊழியர் ஆண்டு விடுப்பில் போகும்போது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தர வேண்டும். லீவுக்கும் மேல்காசா என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அங்கே அப்படித்தான்.

அப்புறம் முதலாளி பங்கு. சமூகக் காப்பீடு, சேம நிதி போன்றவற்றுக்காக ஊழியர் சம்பளத்தில் பிடிப்பது வேறு, அதற்கு மேல் நிறுவனம் தன் கையிலிருந்து கட்டுவது வேறு. சுவீடனில் பொதுவான விகிதம் 31.42 சதவீதம். 40,000 குரோனா சம்பளம் என்றால் இன்னொரு 12,568 குரோனா சேரும். பிரிட்டனில் ஏப்ரல் 2025 முதல், ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 15 சதவீதம். சிங்கப்பூரில் 55 வயது வரையுள்ள குடிமக்களுக்கு மத்திய சேம நிதிக்கு 17 சதவீதம். ஆனால் கணக்கில் வரும் சம்பளத்துக்கு அங்கே உச்சவரம்பு இருக்கிறது, சுவீடனில் இல்லை. பெரிய சம்பளக்காரரை எடுக்கும்போது சதவீதத்தைவிட இந்த உச்சவரம்புதான் முக்கியம்.

வருமான வரியே இல்லாத அமீரகத்தில் செலவு குறைவு என்று நினைப்பதும் பாதிதான் சரி. ஓராண்டு முடித்த வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது, முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதன் பிறகு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகத் தர வேண்டும். மாதாமாதம் ஒதுக்கி வைக்காதவர்களுக்கு ஒரே நாளில் பெரிய தொகையாக வந்து விழும்.

இதையெல்லாம் பார்த்து மிரண்டவர்கள் எடுக்கும் குறுக்குவழிதான் 'கான்ட்ராக்டர்': ஆளை ஊழியராகச் சேர்க்காமல், சுயதொழில் செய்பவர் என்று ஒப்பந்தம் போடுவது. என் பார்வையில் இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. வேலை நேரத்தை நீங்கள் வைக்கிறீர்கள், விடுப்புக்கு உங்களிடம் கேட்க வேண்டும், வேறு வாடிக்கையாளர் யாரும் கிடையாது என்றால், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் பல நாட்டு நீதிமன்றங்கள் நடைமுறையைத்தான் பார்க்கும். 2021-இல் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. தீர்ப்பு எதிராகப் போனால் பழைய விடுப்புப் பணம், சமூகக் காப்பீட்டுப் பாக்கி, அபராதம் என்று பின்தேதியிட்டுக் கணக்கு வரும்.

'எங்கள் நாட்டுச் சட்டமே செல்லும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாலும் பெரிய பயன் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் 1 விதிப்படி, ஊழியர் வழக்கமாக வேலை செய்யும் நாடு கட்டாயமாகத் தரும் பாதுகாப்பை அந்த வரியால் பறிக்க முடியாது.

வேலையை விட்டு அனுப்புவதிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். அந்தப் பழக்கத்தோடு ஜெர்மனிக்குப் போனால் சிக்கல். அங்கே பத்துப் பேருக்கு மேல் இருக்கும் நிறுவனத்தில், ஆறு மாதம் தாண்டியவரை நீக்க சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். நீக்கக் கடிதம் காகிதத்தில், பேனாக் கையெழுத்தோடு போக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது.

அந்த நாட்டில் சொந்த நிறுவனம் தொடங்காமல் இஓஆர் (EOR) சேவை மூலம், அதாவது உங்களுக்காகச் சட்டப்படி முதலாளியாக இருந்து சம்பளம் கொடுக்கும் உள்ளூர் நிறுவனம் மூலம், ஆள் எடுப்பது சிறிய நிறுவனங்களுக்கு நல்ல வழிதான். ஆனால் விலை கேட்கும்போது அவர்களின் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். முதலாளி பங்கு, 13-ஆம் மாதம், விடுப்பு, வெளியேற்றச் செலவு, நாணய மாற்று விகிதம் எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். எடுக்கும் ஆள் அந்த நாட்டில் இருந்துகொண்டு உங்கள் சார்பில் ஒப்பந்தங்களை முடிப்பவர் என்றால், கையெழுத்துக்கு முன் ஒரு வரி ஆலோசகரையும் பாருங்கள்: இஓஆர் இருந்தாலும், அந்த நாடு உங்கள் லாபத்தின் மீது நிறுவன வரி கேட்கலாம்.