காயத்திலிருந்து காட்சிக்கு: குற்றக்கதையில் சண்டையும் காவல்துறை விசாரணையும்

இரண்டு பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆறரை மணி. இளையவன் மடை மாற்றுவதற்காக மண்வெட்டியோடு வயலில் நிற்கிறான். அந்த வழியாக வரும் மூத்தவன், அண்டை வெட்டும் சாக்கில், அதாவது வரப்போரத்தைச் செதுக்கும் சாக்கில், வரப்பு ஒரு சாண் குறைந்திருப்பதைப் பார்த்துவிடுகிறான். பேச்சு முற்றிக் கைகலப்பாகி, மூத்தவன் தலையில் அடிபட்டு விழுகிறான். குற்றக்கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் இந்த இடத்தில் நேராக அடிதடிக்குள் இறங்கிவிடுகிறார்கள். அதனால்தான் நம் கதைகளில் சண்டை ஒரு பக்கமும் விசாரணை இன்னொரு பக்கமுமாக, ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன. நான் சொல்லும் வழி தலைகீழானது. சண்டையை எழுதுவதற்கு முன், அதைப் பற்றி அரசு மருத்துவமனையின் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதக்கூடிய நான்கு வரிகளை எழுதுங்கள்.

அந்தப் பதிவு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நம் வசதிக்குத் தமிழில் எழுதிக்கொள்ளலாம். "இன்று மாலை சுமார் 6.30 மணிக்கு வயலில் வைத்துத் தெரிந்த நபர் ஒருவர் மண்வெட்டிக் காம்பால் தாக்கியதாகக் கூறுகிறார். தலையின் இடது பக்கத்தில் 6 செ.மீ. நீளக் கிழிந்த காயம். வலது முன்கையில் வீக்கம். சுயநினைவுடன் உள்ளார்." இவ்வளவுதான். ஆனால் உங்கள் கதை முழுவதும் இதற்குள் இருக்கிறது. முன்கை வீக்கம் தற்காப்புக் காயம். அடி வருவதை மூத்தவன் பார்த்திருக்கிறான், கையை உயர்த்தியிருக்கிறான். எனவே பின்னாலிருந்து பாய்ந்து அடித்ததாக நீங்கள் எழுத முடியாது. எதிரெதிரே நின்று வலக்கைக்காரன் வீசினால் அடி எதிராளியின் இடப்பக்கத்தில் விழுவது இயல்பு. காயத்தின் தன்மையும் முக்கியமானது. மண்டையில் தோலுக்குக் கீழே உடனே எலும்பு இருப்பதால், மொட்டையான பொருளால் அடித்தாலும் தோல் கத்தியால் கீறியதுபோல் பிளந்துகொள்ளும். விளிம்பு நசுங்கியிருப்பதையும், காயத்தின் குறுக்கே திசு இழைகள் அறுபடாமல் ஓடுவதையும் பார்த்துத்தான் மருத்துவர் இது வெட்டா, அடியா என்று பிரித்தறிவார். ஊரார் "அரிவாளால் வெட்டிவிட்டான்" என்று சொல்ல, மருத்துவர் "கிழிந்த காயம்" என்று எழுதும் முரண்பாடு ஒரு நாவலின் முதல் அத்தியாயத்துக்குப் போதும்.

"தெரிந்த நபர் ஒருவர்" என்ற சொற்கள் அதைவிடக் கனமானவை. அன்றிரவே உறவினர்கள் கூடிப் பேசி, முதல் தகவல் அறிக்கையில் இளையவனோடு அவன் மகனையும் மைத்துனனையும் சேர்த்து மூன்று பேர் தாக்கியதாகச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். மருத்துவரிடம் ஒருவர், காவல் நிலையத்தில் மூவர். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இனி அடிதடிக்கு வருவோம். உண்மையான சண்டை பத்துப் பதினைந்து நொடிகளில் முடிந்துவிடும், அல்லது இழுபறியாகி மூச்சிரைப்பில் ஓய்ந்துவிடும். ஈர வரப்பில் கால் நிற்காது. மடித்துக் கட்டிய வேட்டி அவிழும். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். மண்வெட்டி கனமான கருவியாதலால் ஒரு வீச்சு தவறினால் அதை மீட்டெடுக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் மற்றவன் உள்ளே புகுந்து கட்டிப்பிடிப்பான். வெறுங்கையால் மண்டையில் குத்துகிறவனுக்குச் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை எலும்பு முறிவது சாதாரணம். கத்தியால் குத்துகிறவனின் கை, முனை எலும்பில் முட்டும்போது பிடியிலிருந்து வழுக்கித் தன் விரலையே அறுத்துக்கொள்வதுண்டு. அப்படிச் சிந்திய இரத்தம் யாருடையது என்பது பிறகு பெரிய கேள்வியாகும். குத்துப்பட்டவர்களில் பலருக்கு அந்தக் கணத்தில் கையால் குத்தியதுபோலத்தான் தோன்றும். சட்டை நனைவதைப் பார்த்த பிறகுதான் தெரியும். பதற்றத்தில் காது அடைத்துப்போகும், பார்வை குறுகிப்போகும். ஆகவே அடிகளுக்கு நடுவே முழு வாக்கியங்களில் வசனம் பேச வைக்காதீர்கள். சாட்சிகளும் அப்படியே: சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர் சண்டையின் நடுப்பகுதியைத்தான் பார்த்திருப்பார், ஆனால் தொடக்கத்தையும் சேர்த்துச் சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

திரைப்படங்கள் கெடுத்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ஒருவன் அரைமணி நேரம் மயங்கிக் கிடந்து, பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து ஓடுவதில்லை. அவ்வளவு நேரம் நினைவிழந்தால் அது மூளைக்காயம். அதற்கு மாறாக, மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் கசியும் காயத்தில், அடிபட்டவர் தெளிந்து, பேசி, காப்பி குடித்து, சில மணி நேரம் கழித்துத் தூக்கக் கலக்கம்போல் சரிந்து இறந்துபோகலாம். நம் பதிவேட்டில் "சுயநினைவுடன் உள்ளார்" என்று எழுதியது இதற்காகத்தான். மூத்தவன் தையல் போட்டுக்கொண்டு, சிறப்பு உதவி ஆய்வாளரிடம் வாக்குமூலம் கொடுத்துக் கைநாட்டும் வைக்கிறான். விடியற்காலையில் இறந்துவிடுகிறான்.

இங்கேதான் காகிதம் நடக்கத் தொடங்குகிறது. மருத்துவமனையிலிருந்து நிலையத்துக்குத் தகவல் போனது, வாக்குமூலம் பெற்றது, நிலையத்துக்குத் திரும்பி வழக்குப் பதிந்தது, அறிக்கை குற்றவியல் நடுவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிக்கணக்கு உண்டு. கொலை போன்ற வழக்குகளில் ஒரு காவலர் முதல் தகவல் அறிக்கையை எடுத்துக்கொண்டு நடுவரின் வீட்டுக் கதவைத் தட்டுவார், 'எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.' என்பார்கள். அது ஏன் எட்டு மணி நேரம் தாமதமாகப் போனது என்ற கேள்வியில் வழக்குகள் ஆட்டம் கண்டிருக்கின்றன. ஆள் இறந்ததும் சட்டப்பிரிவை மாற்றி நடுவருக்கு அறிக்கை போகும். ஆய்வாளர் விசாரணையை எடுத்துக்கொள்வார். அவர் பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி, உடலைப் பரிசோதனைக்கு அனுப்பி, வயலுக்கு வந்து பார்வை மகஜரும் (நிகழ்விடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) மாதிரி வரைபடமும் தயாரிப்பார். இரத்தக்கறை படிந்த மண்ணோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கறை படியாத மண்ணையும் தனியே எடுப்பார்கள். இந்த ஒரு விவரத்தைச் சரியாக எழுதினால், துறையில் இருப்பவர்கள் உங்களை நம்பிப் புத்தகத்தைத் தொடர்ந்து வாசிப்பார்கள்.

இளையவனுக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் சண்டைக்காட்சிதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு கொலைக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. ஆனால் முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சண்டையின் ஆத்திரத்தில், தனக்குக் கிடைத்த சாதகத்தை முறையின்றிப் பயன்படுத்தாமலும் கொடூரமாக நடக்காமலும் செய்திருந்தால், அது கொலையாகாத மரணம் என்று 105-ஆம் பிரிவுக்குள் போய்விடும். யார் முதலில் கை ஓங்கினார் என்பது அப்போது பொருட்டில்லை. மடை மாற்றக் கையில் வைத்திருந்த மண்வெட்டியால் அடித்தால் ஒரு கதை. "இரு, வரேன்" என்று வீட்டுக்கு ஓடி அரிவாளை எடுத்து வந்தால் இன்னொரு கதை. மூத்தவன் விழுந்த பிறகு இன்னொரு அடி விழுந்ததா என்பது மூன்றாவது கதை.

பிரிவு எண்களில் பலர் வழுக்குகிறார்கள். புதிய சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கதை 2019-இல் நடந்தால் கொலை பழைய தண்டனைச் சட்டத்தின் 302 தான். 103 என்று எழுதினால் தவறு. ஒரு காயம் கொடுங்காயமாகக் கருதப்பட முன்பு 20 நாள் கடும் வேதனை என்றிருந்த அளவு இப்போது 15 நாளாகியிருக்கிறது. குற்றம் பழைய தேதியிலும் வழக்குப் பதிவு புதிய தேதியிலும் இருந்தால் குற்றப்பிரிவு பழையது, நடைமுறை புதியது. இந்தக் குழப்பத்தையே நிலைய எழுத்தருக்கு ஒரு தலைவலியாகக் கொடுத்து ஒரு நல்ல காட்சி எழுதலாம்.

நிலையத்தில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதைக் காதால் கேட்டு எழுதுங்கள். வாசலில் பாரா நிற்பவர் ஒருவர். உள்ளே எல்லாக் காகிதமும் கடந்துபோகும் ரைட்டர். ஊர்க்காரர்களுக்கு அவர் "ஏட்டய்யா". காவலர்கள் ஆய்வாளரை "ஐயா" என்பார்கள், பெண் ஆய்வாளரை "அம்மா". மாவட்டத்தில் துணைக் கண்காணிப்பாளர் இருக்கும் இடத்தில் மாநகரில் உதவி ஆணையர் இருப்பார். ஒரே ஆள் ஓடிப் பிடித்து, கைரேகை எடுத்து, தடயத்தை ஆய்வும் செய்கிற நாயகனை விட்டுவிடுங்கள். அதே ஆய்வாளருக்கு அன்றைக்கே கோயில் திருவிழா பந்தோபஸ்தும் இருக்கும். விசாரணை தாமதமாவதற்குச் சதியைவிட அதுவே நம்பத்தகுந்த காரணம்.

கைதுக்கு வருவோம். காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். அதனால்தான் கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் சாட்சிகளாக நிற்க, முட்புதரிலிருந்து ஆயுதம் எடுக்கப்படும் அந்தக் காட்சி தீர்ப்புக்குத் தீர்ப்பு திரும்ப வருகிறது. கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். நிலையத்துக்குள் அடித்து உண்மையை வரவழைப்பதை நாயகனின் திறமையாக எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த பிறகும் அதை வேடிக்கையாக எழுதுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அடியை எழுதத்தான் வேண்டும் என்றால், மறுநாள் மருத்துவப் பரிசோதனையில் அது எப்படிப் பதிவானது, அல்லது பதிவாகாமல் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது' என்ற செய்திக்கு என்ன பொருள் என்று தமிழ் வாசகருக்குத் தெரியும்.

செல்பேசி கோபுரப் பதிவைப் பற்றி ஒரு வரி: அது செல்பேசி இருந்த வட்டாரத்தைச் சொல்லும், அறையைச் சொல்லாது.

எதிர்வழக்கை மறந்துவிடாதீர்கள். கட்டிப்புரண்டபோது மூத்தவன் இளையவனின் விரலைக் கடித்திருந்தால், இளையவனும் வேறொரு மருத்துவமனைக்குப் போய் இன்னொரு பதிவேட்டில் இன்னொரு கதையைச் சொல்லியிருப்பான். தமிழ்நாட்டுக் காவல் நிலையாணை 588-ஏ இரண்டு புகார்களையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து எது உண்மை என்று முடிவுக்கு வரச் சொல்கிறது. கடிபட்ட விரலுக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாவிட்டால் வழக்கு பலவீனப்படும்.

மொழிக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை: உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆணைக்குப் பிறகு, உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. "மேற்படி நபர் என்னை வழிமறித்து அசிங்கமாகத் திட்டி" என்று நடக்கும் அந்த உரைநடையைப் பத்து நாள் வாசியுங்கள். பெயர்களை அங்கேயே விட்டுவிட்டு நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் சண்டைக்கு ஏழெட்டு வரி போதும்:

"அண்ணே, தள்ளிப் போயிரு" என்றான். அவர் போகவில்லை, குனிந்து வரப்பு மண்ணை ஒரு கை அள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். காம்பு வருவதைப் பார்த்து வலக்கை தானாக மேலே போனது. முதல் அடி அதில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சேறு குளிர்ச்சியாக இருந்தது. வாய்க்குள் ஒரு விரல் இருந்தது, கடித்தார். பம்புசெட் பக்கமிருந்து யாரோ "ஏய்" என்றார்கள். மண்வெட்டி தண்ணீருக்குள் விழுந்த சத்தத்தை மட்டும், அன்றிரவு சிறப்பு உதவி ஆய்வாளர் கேட்டபோது, அவர் தெளிவாக நினைவு வைத்திருந்தார்.