பெயர் வைக்கும் முன் நாள் கேளுங்கள்: மனநோயைப் பிரித்தறிவதில் நேரும் தவறுகள்

ஒரே அறிகுறிக்குப் பத்து நோய்கள் உரிமை கொண்டாடும் துறை மனநல மருத்துவம். காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் அது மனச்சிதைவாக இருக்கலாம். குடியை நிறுத்திய இரண்டாம் நாளாக இருக்கலாம். வலிப்பு, கடும் மனச்சோர்வு, கணவரை இழந்த துக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். குரல் என்ன சொன்னது என்பதை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. எப்போது தொடங்கியது, எதற்குப் பின் வந்தது, இடையில் முழுக்கச் சரியான நாட்கள் உண்டா என்ற கேள்விகள்தான் பிரித்துக் காட்டும். கீழே வரும் தவறுகளில் பல, இந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட்டதால் வருபவை.

டெலிரியத்தை மனநோய் என்று எடுத்துக்கொள்வது

டெலிரியம் என்பது உடல்நோயாலோ மருந்தாலோ திடீரென வரும் மனக்குழப்பம். மற்ற தவறுகளில் மாதங்கள் வீணாகும், இதில் உயிர் போகும். வார்டிலிருந்து "நோயாளி பேசமாட்டேங்கிறார், சாப்பிடமாட்டேங்கிறார், டிப்ரஷன் போல இருக்கு" என்று அழைப்பு வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அமைதியான வகை டெலிரியத்தை. கத்திக் குழாய்களைப் பிடுங்குபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருப்பவரைத்தான் தவறவிடுவோம்.

இதைப் பிரிக்கும் சோதனை கவனக்குவிப்பு. மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கில மாதம் பழக்கமில்லாதவரிடம் பங்குனியில் தொடங்கிச் சித்திரை வரை கேட்கலாம், அதுவும் வராதவரிடம் கிழமைகளைக் கேட்கலாம். டெலிரியத்தைக் கண்டறியும் 4ஏடி (4AT) அளவீட்டில் 7 மாதங்களாவது சரியாகச் சொன்னால் அந்தக் கேள்வியில் பிழைப்புள்ளி இல்லை. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு எழுதாதீர்கள். டெலிரியம் ஏறி இறங்கும். காலை 11 மணி ரவுண்ட்ஸில் தெளிவாகப் பேசியவர் இரவு 9 மணிக்கு மருமகளை அடையாளம் தெரியாமல் இருப்பார். இரவுப் பணி செவிலியரும் கட்டிலருகே தூங்கும் உறவினரும் சொல்வதுதான் இங்கே நல்ல சாட்சி.

காரணம் தேடும்போது நாமே எழுதிய சீட்டையும் புரட்டிப் பாருங்கள். நடுக்கம் குறையட்டும் என்று முதியவருக்குக் கொடுத்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையே குழப்பத்தைக் கொண்டுவரும். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் வயதானவர்களின் இரத்தச் சோடியத்தைக் குறைக்கும், அதனாலும் குழப்பம் வரும்.

கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்காமல் விடுவது

"குடிப்பாரா?" என்று கேட்டால் "எப்பவாவது" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது நாளும் நேரமும். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். அதற்குப் பின், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், குழப்பமும் பூச்சி ஊர்வது போன்ற காட்சிகளும் சேர்ந்த டெலிரியம் ட்ரெமென்ஸ். கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்டவர் மூன்றாம் நாள் "போலீஸ் வருது" என்று எழுந்து ஓடினால் அது சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுபடும் மனநோய்) அல்ல, குடி நின்ற நாள் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. இவருக்கு மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் மட்டும் போட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். முதன்மை மருந்து பென்ஸோடயாஸெபின் என்ற அமைதியூட்டி வகை. தயமின் (வைட்டமின் பி1) ஊசி குளுக்கோஸுக்கு முன்னால் போக வேண்டும்.

சுயநினைவு தெளிவாக இருந்து குரல் மட்டும் கேட்டால் அது மது சார்ந்த ஹாலுசினோசிஸாக (மாயப்புலன் நிலை) இருக்கலாம். குடிப்பவரின் மனச்சோர்வைக் குடியை நிறுத்தி 3 அல்லது 4 வாரம் கழித்து மறுபடி எடைபோட வேண்டும். தற்கொலை எண்ணம் இருந்தால் சிகிச்சைக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது. கஞ்சாவையும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளையும் தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "போதைப் பழக்கம் உண்டா" என்ற பொதுக் கேள்விக்கு மாத்திரை போடுபவர் தன்னை அதில் சேர்க்கவே மாட்டார்.

மதிப்பெண்ணை நோயாக்குவது

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஹெச்க்யூ-9 தாளில் மொத்தம் 27. 10 வந்தால் மனச்சோர்வு என்று எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. தூக்கம், களைப்பு, பசி மூன்றிலும் முழு மதிப்பெண் வந்தாலே 9 ஆகிவிடும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, காசநோய் எது இருந்தாலும் இந்த மூன்றும் நிரம்பும். ஆகவே கூட்டுத்தொகையைப் பார்க்கும் முன், மகிழ்ச்சி தரும் செயல்களில் நாட்டமின்மை, குற்ற உணர்வு, நம்பிக்கையின்மை ஆகியவற்றில் எவ்வளவு என்று பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச், நெடுநாள் சைவ உணவுக்காரர்களுக்கு பி12 ஆகியவை முதல் சந்திப்பிலேயே எழுத வேண்டியவை.

சோர்வோடு வந்தவரிடம் உற்சாக நாட்களைக் கேட்காதது

மனநிலை ஒரு காலம் தாழ்ந்தும் ஒரு காலம் அளவுக்கு மீறி உயர்ந்தும் போகும் பைபோலார் நோயாளி மருத்துவரிடம் வருவது தாழ்ந்திருக்கும்போது. உயர்ந்திருந்த நாட்கள் அவருக்கு நோயாகத் தெரியாது, நன்றாக வாழ்ந்த காலமாகத்தான் நினைவிருக்கும். "ரொம்ப சந்தோஷமா இருந்தீங்களா?" என்ற கேள்வியால் பயனில்லை. தூக்கத்தைக் கேளுங்கள்: 3 மணி நேரம் மட்டும் தூங்கி, மறுநாள் களைப்பே இல்லாமல் ஓடிய நாட்கள் உண்டா? தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் இருப்பது வேறு. பிறகு வீட்டாரிடம் பணத்தைப் பற்றிக் கேளுங்கள். திடீர்க் கடன், யோசிக்காமல் தொடங்கிய கடை, யாருக்கோ கொடுத்த நகை எல்லாம் மனைவிக்கோ அண்ணனுக்கோ தேதியோடு நினைவிருக்கும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5 படி ஹைப்போமேனியாவுக்கு (மிதமான மிகை உற்சாகம்) தொடர்ந்து 4 நாட்கள் வேண்டும். மேனியாவுக்கு (கடுமையான மிகை உற்சாகம்) ஒரு வாரம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை என்றால் நாள் கணக்கு தேவையில்லை. ஒரு நாளுக்குள் நாலு முறை மனநிலை மாறுகிறது, ஒவ்வொரு முறையும் யாரோடோ சண்டை என்றால் பைபோலாருக்கு முன் பார்டர்லைன் ஆளுமையை (உணர்ச்சியும் உறவுகளும் நிலையில்லாத ஆளுமைக் கோளாறு) யோசிக்கலாம். ஆனால் நோய் உச்சத்தில் இருக்கும்போது ஆளுமைக் கோளாறு என்று எழுதுவது பெரும் தவறு. அமைதியான காலத்தில் அவர் எப்படிப்பட்டவர், 18 வயதில் எப்படி இருந்தார் என்று தெரியாமல் அந்தப் பெயரைக் கோப்பில் ஏற்றக் கூடாது. ஏறிவிட்டால் இறங்காது.

முதல் முறை சைக்கோசிஸ் என்றதும் மனச்சிதைவுக்குத் தாவுவது

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 மனச்சிதைவுக்கு ஒரு மாத அறிகுறி கேட்கிறது, டிஎஸ்எம்-5 ஆறு மாதம் கேட்கிறது. இரண்டு வாரத்துக்குள் உச்சத்தை எட்டி, மூன்று மாதத்துக்குள் முழுதாக ஆறிவிடும் கடும் நிலையற்ற சைக்கோசிஸுக்கு ஐசிடி-11 தனி இடம் தந்திருக்கிறது. பத்தாம் நாளில் மனச்சிதைவு என்று எழுதினால் அந்த இளைஞர் ஆயுளுக்கும் சுமக்கும் பெயரை நாம் ஐந்து மாதம் முன்னதாகக்கூடக் கொடுத்திருக்கலாம்.

உடல் காரணத்தைத் தேடச் சொல்லும் குறிகள்: முன்பு எந்த மனநோயும் இல்லாமல் 45 வயதுக்கு மேல் முதல் முறை வருவது, குரலைவிடக் காட்சி அதிகம் தெரிவது, வலிப்பு, புதிய தலைவலி, காய்ச்சல், சில நாட்களிலேயே பேச்சு அற்றுப்போவது. இளம்பெண்ணுக்குச் சைக்கோசிஸோடு வாய் கோணும் அசைவுகளும் வலிப்பும் சேர்ந்தால் என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சியை (உடலின் எதிர்ப்புச்சக்தியே மூளையைத் தாக்கும் நோய்) நினையுங்கள். 2007-ல் ஜோசப் டால்மௌ குழு விவரித்த இந்நோயில் சிலருக்குச் சினைப்பைக் கட்டி மூலமாக இருக்கும். மருந்துகளில் ஸ்டீராய்டு, காசநோய்க்கான ஐசோனியசிட், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா ஆகியவற்றைக் கேளுங்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் இந்தப் பட்டியலில் மறக்கவே கூடாதது.

பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் வரும் சைக்கோசிஸ் பெரும்பாலும் பைபோலார் குடும்பத்தைச் சேர்ந்தது. அப்படி முடிவு செய்யும் முன் தலைவலி, வலிப்பு, காய்ச்சல் உண்டா என்று பார்த்து, இருந்தால் மூளைச் சிரை உறைவுக்கு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

அமர முடியாமல் நடக்கும் நோயாளிக்கு மருந்தைக் கூட்டுவது

ஆன்டிசைக்கோடிக் (சைக்கோசிஸுக்கான மருந்து) தொடங்கிய அல்லது கூட்டிய சில நாட்களில் வரும் அகத்திசியாவை, அதாவது ஓரிடத்தில் இருக்கவிடாத தவிப்பை, பதற்றம் என்று எண்ணி அதே மருந்தைக் கூட்டினால் அது இன்னும் மோசமாகும். இரண்டு நிமிடம் உட்காரவைத்து, இரண்டு நிமிடம் நிற்கவைத்துக் கால்களைப் பாருங்கள். "மனசு பதறுதா, கால் நிக்க விடமாட்டேங்குதா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். வாந்திக்குக் கொடுத்த மெட்டோகுளோப்ரமைடும் இதைச் செய்யும்.

இதற்கு எதிர்முனையில் கேட்டடோனியா, அதாவது பேச்சும் அசைவும் உறைந்துபோகும் நிலை. பேசாமல் வெறித்துப் பார்ப்பவரைப் பிடிவாதம், நடிப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்டடோனியாவை அளக்கும் புஷ்-ஃபிரான்சிஸ் அளவீட்டின் முதல் 14 குறிகளில் இரண்டு இருந்தாலே சந்தேகிக்கலாம். லோராசெபாம் 1 அல்லது 2 மி.கி. சிரை வழி கொடுத்து 5 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். பலர் பேசத் தொடங்குவார்கள். இதைத் தவிர்த்து ஆன்டிசைக்கோடிக் ஏற்றினால் காய்ச்சலும் தசை இறுக்கமுமாக நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற உயிராபத்தான மருந்து விளைவு வரும் ஆபத்து உண்டு.

சாமி வந்தவரையும் கெட்ட எண்ணம் வந்தவரையும் குழப்புவது

திருவிழாவில் குலதெய்வம் இறங்கி, அருள்வாக்குச் சொல்லி, மலையேறியதும் வழக்கமான வேலைக்குத் திரும்புபவருக்கு நோய் இல்லை. ஊரே ஏற்றுக்கொள்ளாத இடத்தில், வேளையில், அவருக்கே துன்பமாக வந்தால் யோசிக்க வேண்டும். வீட்டாரிடம் "எப்பவும் வர்ற மாதிரி இருக்கா, இந்த முறை வேறயா?" என்று கேளுங்கள். கலாசாரம் என்ற பெயரில் உண்மையான சைக்கோசிஸை விட்டுவிடுவதும் இதே அளவு தவறு.

சாமி படத்தைப் பார்த்தால் அசிங்கமான எண்ணம் வருகிறது என்பவர் "யாரோ உள்ளேயிருந்து சொல்ற மாதிரி" என்று விவரித்தாலும் அது பெரும்பாலும் ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோய்). காதால் கேட்டதா, உங்கள் எண்ணம்தானா, அதை விரட்டப் பார்க்கிறீர்களா, விரட்ட என்ன செய்கிறீர்கள் என்று நாலு கேள்வி. கன்னத்தில் போட்டுக்கொள்வது, 108 முறை நாமம் சொல்வது, படத்தைத் திருப்பி வைப்பது என்று பதில் வந்தால் திசை தெளிவாகும்.

பழைய சீட்டை நகலெடுப்பது

"தெரிந்த மனச்சிதைவு நோயாளி" என்ற வரி பத்து வருடக் கோப்புகளில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். முதலில் எழுதியவர் எந்த அடிப்படையில் எழுதினார் என்று பார்க்க யாரும் பின்னோக்கிப் போவதில்லை. புதிதாக வருபவரைப் போலவே ஒருமுறை காலக்கோடு வரையுங்கள்: ஒரு கோட்டில் வயது, மேலே நோய் நாட்கள், கீழே மருந்து, போதை, பிரசவம், இழப்பு. பத்து நிமிட வேலை.

முடிவு தெரியாதபோது மூன்று சாத்தியங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சாதகம் ஒன்று, பாதகம் ஒன்று, அவற்றைப் பிரிக்கும் அடுத்த கேள்வி அல்லது பரிசோதனை ஒன்று. "சைக்கோசிஸ், வகை இன்னும் தெரியவில்லை" என்று எழுதுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. பக்கத்திலேயே ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் மறுபரிசீலனைத் தேதியைக் குறித்து, வரும்போது வீட்டில் கூடவே இருப்பவரை அழைத்துவரச் சொல்லி அனுப்புங்கள்.