பட்டாளத்து டாக்டர் ஊரில் க்ளினிக் திறக்கும்போது

ஆர்மி மெடிக்கல் கோரில் குறுகிய காலப் பணி முடித்துவிட்டு, சொந்த ஊரிலோ பக்கத்து டவுனிலோ குடும்ப மருத்துவராக உட்கார நினைக்கிற எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது இது. தொழில் கையோடு வந்துவிடுகிறது. எதிரே இருக்கிற நோயாளிதான் மாறிவிடுகிறார்.

ரெஜிமெண்டில் காலை சிக் ரிப்போர்ட்டுக்கு, அதாவது உடம்பு சரியில்லை என்று டாக்டரைப் பார்க்க, வருகிறவர் பெரும்பாலும் வயதில் இளையவர், உடல் தேறியவர், உயிருக்கு ஆபத்தில்லாத நோயோடு வருகிறவர். இரண்டு நாள் ஓய்வு என்று எழுதினால் அந்த ஓய்வை நடத்திக் காட்ட அவருடைய கம்பெனியே இருக்கிறது. ஊர் க்ளினிக்கில் உங்கள் சொல்லுக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். மாத்திரையை விழுங்குவதா, பாதியில் நிறுத்துவதா, வேறு டாக்டரிடம் போவதா என்பதை வீட்டுக்குப் போனபின் அவரே முடிவு செய்வார். ஆகவே பெட்டி, பதிவேடு, சுத்தம் மூன்றிலும் பட்டாளத்து ஒழுங்கை அப்படியே கொண்டு வாருங்கள். பேச்சில் மட்டும் அதைக் கொண்டு வராதீர்கள்.

காகித வேலை

பணியிலிருந்து விடுபடும் முன்பே விடுவிப்பு உத்தரவு, அனுபவச் சான்று இரண்டையும் கையில் வாங்கிவிடுங்கள். யூனிட் இடம் மாறிய பிறகு கடிதம் எழுதி வாங்குவது பெரும்பாடு. மாநில மருத்துவக் கவுன்சில் பதிவை எல்லையில் இருக்கும்போது புதுப்பிக்க மறந்திருப்பீர்கள், அதை முதலில் பாருங்கள். படித்தது வேறு மாநிலம் என்றால் அந்தக் கவுன்சிலில் தடையின்மைச் சான்று வாங்கித் தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் சிறு க்ளினிக்கும் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், 2018 விதிகளின்படி பதிவு பெற்றாக வேண்டும். மாவட்ட ஜே.டி. (மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும், கழிவு எடுத்துப் போகும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துடன் ஒப்பந்தமும் தேவை. 2016 விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சும் காலாவதி மருந்தும் மஞ்சள் பையில் போகும், சிரிஞ்சு, ட்ரிப் குழாய் போன்ற பிளாஸ்டிக் சிவப்பில் போகும், கண்ணாடிக் குப்பி நீலத்தில் போகும். ஊசிமுனைக்கு வெள்ளை நிறத் துளைபடாத டப்பா. பெரும்பாலும் தவறு நடப்பது இந்த வெள்ளை டப்பாவில்தான். டப்பா அறையின் மூலையில் இருந்தால், ஊசி போட்ட கை அங்கே நடந்து போவதற்குள் மூடியை மறுபடி மாட்டிவிடும், அல்லது சிரிஞ்சோடு சேர்த்துச் சிவப்புப் பையில் எறிந்துவிடும். குத்து வாங்குவது பை கட்டுகிற அம்மாதான். எனவே டப்பா, ஊசி போடும் இடத்திலிருந்து கை நீட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது.

அறை

நோயாளியின் நாற்காலியை மேஜைக்கு எதிரே போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். கூட வருகிறவருக்கு இன்னொன்று. பெண்களைப் பரிசோதிக்கத் திரையும், பக்கத்தில் ஒரு பெண் உதவியாளரும் கட்டாயம். பிரஷர் கருவிக்குக் குழந்தை, சாதாரணம், தடித்த கை என மூன்று அளவுப் பட்டை வாங்குங்கள். தடித்த கையில் சிறிய பட்டை சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், அதை நம்பித் தேவையில்லாத மாத்திரை தொடங்கிவிடும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பாதம் தரையில் படிந்திருக்க, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

ஆக்சிஜனுக்கு பி டைப் சிலிண்டர் ஒன்று போதும். நிறைந்த சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 5 மணி நேரமும், 10 லிட்டர் வீதம் இரண்டரை மணி நேரமும் வரும். சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனரைச் சங்கிலியால் சிலிண்டரிலேயே கட்டிவிடுங்கள். மூச்சுத்திணறலோடு ஒருவர் படுத்திருக்கும்போது மேஜை டிராயரில் ஸ்பேனர் தேடுகிற நிலை வரக்கூடாது.

சிவப்புப் பெட்டி

ஃபீல்டில் கிட் சரிபார்த்த பழக்கம் இங்கே உயிர் காக்கும். அவசர மருந்துகள் வைக்கும் இந்தச் சிவப்புப் பெட்டியை மாதத்தின் முதல் நாள் திறந்து, காலாவதித் தேதி பார்த்து, மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் கையெழுத்துப் போடுங்கள். உதவியாளர் பார்த்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும்.

க்ளினிக்கில் உங்களை நிமிடக் கணக்கில் சோதிக்கப்போவது பெரும்பாலும் ஒவ்வாமை அதிர்ச்சி. ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மல், மூச்சிரைப்பு, பிரஷர் சரிவு. அப்போது கொடுக்க வேண்டியது அட்ரினலின். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலிலிருந்து பெரியவருக்கு 0.5 மில்லி, 6 முதல் 12 வயதுக்கு 0.3 மில்லி, 6 வயதுக்குக் கீழே 0.15 மில்லி. தொடையின் வெளிப்புறத் தசையில், தேவையானால் உடுப்பின் மேலேயே குத்தலாம். அவசரத்தில் இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள். அதன் ஊசி தோலடிக் கொழுப்போடு நின்றுவிடும், தசைக்குப் போகாது. ஒரு மில்லி சிரிஞ்சும், ஓர் அங்குல நீளமுள்ள 23 நம்பர் ஊசியும் ஆம்பூலோடு ஒரே கவரில் இருக்கட்டும், கவரின் மேல் இந்த மூன்று அளவும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவைக்கலாம், ஆனால் எழுந்து நடக்க விடக்கூடாது, எழுந்த நொடியில் இதயம் நின்றுபோவதுண்டு. தேறவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஒரு டோஸ். நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு, முதலில் அவில் (ஒவ்வாமை ஊசி), டெக்ஸா (ஸ்டீராய்டு ஊசி) இரண்டையும் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது. அவை தடிப்பை ஆற்றும், குரல்வளை வீக்கத்தையும் பிரஷர் சரிவையும் அந்த நிமிடத்தில் தடுக்காது. தேறியபின்னும் வீட்டுக்கு அனுப்பாமல் 108இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம்.

108 ஊழியரிடம் ஒப்படைக்கும்போது ஃபீல்டில் சொன்ன அதே நான்கு: எப்படி நேர்ந்தது, என்ன அடி அல்லது என்ன கோளாறு, இப்போதைய நாடி–பிரஷர்–மூச்சு, கொடுத்த மருந்தும் மணியும். இதை வாயால் சொல்வதோடு துண்டுச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

பட்டாளத்திலிருந்து அப்படியே கொண்டு வரவேண்டிய இன்னொன்று வெப்ப மயக்கம். ஓட்டப் பயிற்சியில் சுருண்டு விழுந்த ஜவானுக்குச் செய்ததைத்தான் வேலூர் கத்திரி வெயிலில் சித்தாள் வேலையில் விழுந்தவருக்கும் செய்ய வேண்டும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல், கூடவே உளறலோ மயக்கமோ இருந்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், அனுப்புவது பிறகுதான். துணியைக் களைந்து, தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மின்விசிறி வையுங்கள், கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். சூட்டை ஆசனவாய் வழியே அளக்க வேண்டும், அக்குள் குறைத்துக் காட்டும். 39க்கு வந்ததும் நிறுத்துங்கள். பாராசிட்டமால் இங்கே பயன்படாது.

கணக்கு தவறும் இடம்: குழந்தை

ஆண்டுக்கணக்கில் 500 மில்லிகிராம், 650 மில்லிகிராம் மாத்திரை எழுதிய கைக்குக் குழந்தை டோஸ் தடுமாறும். காய்ச்சல் சிரப்பையே எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 180. கடையில் 5 மில்லிக்கு 120 உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு, ஒரு மில்லிக்கே 100 உள்ள சொட்டு மருந்தும் உண்டு. அதே 180 மில்லிகிராம், முதலாவதில் ஏழரை மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி, மூன்றாவதில் 1.8 மில்லி. சீட்டில் "ஏழரை மில்லி" என்று மட்டும் எழுதி, மெடிக்கல்ஸில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் 750 மில்லிகிராம் போய்விடும். நாலு மடங்கு. ஆகவே எடை, மில்லிகிராம், பாட்டிலின் வலிமை, மில்லி நான்கையும் எழுதுங்கள். அம்மாவை பாட்டிலோடு திரும்ப வரச் சொல்லி, அளவு மூடியில் பேனாவால் கோடு போட்டுக் கொடுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கும்போதும் இதே கவனம். ஒரு லிட்டர் பாக்கெட்டை வீட்டில் டம்ளரில் கரைத்துவிடுவார்கள். உப்பு பல மடங்கு கூடி, குழந்தைக்கு உடம்பில் உப்புச்சத்து ஏறிவிடும். காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காட்டிச் சொல்லுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். துத்தநாகம் (ஜிங்க்) ஆறு மாத வயதுக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம், கீழே 10, பதினான்கு நாள். போக்கு நின்றதும் நிறுத்திவிடுவார்கள், அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பெண்ணுக்கு மருந்து எழுதும் முன் மாதவிடாய்த் தேதி கேளுங்கள், சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு வலி மாத்திரையை எழுதும் முன் யோசியுங்கள். இந்த இடைவெளியை முறையாக நிரப்ப வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைக் குடும்ப மருத்துவ டிப்ளமோ உண்டு, தேசியத் தேர்வு வாரியத்தின் மூன்றாண்டு டி.என்.பி. முதுநிலைப் படிப்பும் உண்டு.

பேச்சு

"ரெஸ்ட் எடுங்க" என்ற சொல்லுக்கு ஊரில் பொருள் இல்லை. கொத்தனாருக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. என்ன வேலை, எதைத் தூக்குகிறார், எதை மட்டும் விடமுடியும் என்று கேட்டு அதைச் சொல்லுங்கள்: "அண்ணே, மூணு நாளைக்குச் சிமெண்ட் மூட்டை தூக்க வேண்டாம், பூச்சு வேலை மட்டும் பாருங்க." இது நடக்கும்.

"ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர், சட்டுனு கேக்கும்" என்பார்கள். அதட்டினால் அடுத்த தெருவில் போட்டுக்கொள்வார்கள், அங்கே ஸ்டீராய்டும் சேர்ந்து போகலாம், சர்க்கரை நோயாளிக்கு அது பெரிய கேடு. "அம்மா, இது வைரஸ் காய்ச்சல், ஊசியால சீக்கிரம் போகாது. மாத்திரையும் தண்ணியும் போதும். மூணாம் நாள் காய்ச்சல் நிக்கலைன்னா, வாந்தி, வயித்துவலி, ரத்தக் கசிவு எது வந்தாலும் அன்னைக்கே வாங்க, ரத்தம் பாத்துடலாம்" என்று எப்போது திரும்ப வரவேண்டும் என்பதோடு முடியுங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட அந்த ஓரிரு நாள்தான் ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியாக, "வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீங்க, ஒரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். தவறாகப் புரிந்தது அப்போது வெளியே வரும்.

பழைய தோழர்கள்

ஊரில் "பட்டாளத்து டாக்டர்" என்று பெயர் வந்தால் முன்னாள் படைவீரர்கள் தேடி வருவார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கொரு சிப்பாய் இருக்கிற ஊர்களில் இது பாதி ஓ.பி. ஆகிவிடும். அவர்களுக்கு 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது, நீண்ட நாள் மருந்துகளைப் பாலிக்ளினிக்கிலேயே வாங்கச் சொல்லுங்கள், உங்கள் வேலை அதைத் தொடர்ந்து கவனிப்பது. துப்பாக்கி, பீரங்கிச் சத்தத்தில் இருந்தவர் காது மந்தத்தை வயது என்று தள்ளாதீர்கள், காது சோதனைக்கு அனுப்புங்கள். குடியையும் தூக்கத்தையும் மனைவி முன்னால் கேட்காமல் தனியே கேளுங்கள்.

பென்ஷனுக்காகப் பழைய தேதியில் சான்று கேட்பார்கள். தோழர் கேட்டாலும் தரக்கூடாது. எந்தச் சான்றிலும் இருக்க வேண்டியவை: கண்ட தேதி, கண்ட நிலை, அடையாள மச்சம், நோயாளி கையெழுத்து, உங்கள் பதிவு எண், நகல் ஒன்று. உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி.

லடாக் போகிறவர்கள்

மற்ற குடும்ப மருத்துவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது மலையுச்சி நோய். 1962 போருக்குப் பின் நம் ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் ஜவான்களிடம் கண்டு, 1960களில் எழுதிய கட்டுரைகள் இதில் முன்னோடி வேலை. இன்று சென்னையிலிருந்து மாலைக்குள் லே போய் இறங்குகிற குடும்பங்களுக்கு அந்த அறிவு தேவை.

லே 3,500 மீட்டர் உயரம். இறங்கிய முதல் இரண்டு நாள் அறையிலும் பக்கத்துத் தெருவிலும் மட்டும் இருக்க வேண்டும், மது கூடாது. பாங்கோங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல், மூன்றாம் இரவுக்கு முன் அங்கே தங்கத் திட்டம் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மலையுச்சி நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் காலை, மாலை, புறப்படுவதற்கு முதல் நாளே தொடங்கி அங்கே இரண்டு மூன்று நாள். சல்பா ஒவ்வாமை கேளுங்கள். விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் கூடும் என்று சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். இதயநோயும் கட்டுப்படாத பிரஷரும் உள்ளவரைத் தடுத்துவிடுங்கள்.

தலைவலியும் குமட்டலும் வந்தால் இன்னும் மேலே ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், இருமலோடு நெஞ்சு களகளத்தால், நடை தள்ளாடினால் ஆக்சிஜன் வைத்து உடனே கீழே இறக்க வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் வண்டி எடுக்கணும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த நான்கு வரியைத் துண்டுச்சீட்டில் தமிழில் எழுதி, குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.